ஃபிரேம்ல மெஷின் குயில்ட்டிங்: டர்பன் பக்கம் புதுசா ஆரம்பிக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

குயில்ட், அதாவது மூணு அடுக்கா சேத்து தைக்கற போர்வை, அத ஃபிரேம்ல தைக்க கத்துக்க சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட்னு டர்பன் பக்கம் எங்கருந்து வந்தாலும் கேள்வி ஒன்னுதான். "அக்கா, என் கை சரியில்ல, கோடு நடுங்குது." போய் பாத்தா கைல ஒரு கோளாறும் இருக்காது, துணி ஏத்தினது கோணலா இருக்கும், இல்ல ஃபிரேம் ஒரு பக்கம் சாஞ்சிருக்கும், இல்ல ஊசிய மாத்தியே ரொம்ப நாள் ஆயிருக்கும். அதனால கீழ டிசைன் பத்தி கம்மியாவும், துணிய ஏத்தறது, டென்ஷன் (நூலோட இறுக்கம்), நூல் பத்தி ஜாஸ்தியாவும் எழுதியிருக்கேன். டிசைனுக்கு வீடியோ எக்கச்சக்கமா கிடக்கு.

மேசைல தைக்கறதுக்கும் ஃபிரேம்ல தைக்கறதுக்கும் என்ன வித்தியாசம்?

மேசைல மெஷின் உக்காந்த இடத்துலயே இருக்கும், துணிய நாம நகத்துவோம். ஃபிரேம்ல அப்படியே தலைகீழ். அடித்துணி, நடுவுல பேட்டிங்ங்கற பஞ்சு விரிப்பு, மேல டாப்ங்கற மேல்துணி, மூணும் உருளைகளுக்கு நடுவுல நீட்டி நிக்கும், மெஷின் ஒரு வண்டி மேல ஏறி தண்டவாளத்துல இடம் வலம், முன்ன பின்னன்னு ஓடும், நாம கைப்பிடிய புடிச்சு ஓட்டறோம். பெரிய லாபம் என்னன்னா தரைல விரிச்சு முட்டி போட்டு நூறு ஊக்கு குத்தற வேலை இல்ல. மூணு அடுக்கும் ஃபிரேம்லயே ஒன்னு சேருது. எங்க வயசுக்காரங்க இதுக்காகவே மாறினவங்கதான்.

நான் முன்னாடி கார்மென்ட் ஃபேக்டரில மெஷினிஸ்ட். எனக்கு சீக்கிரம் வந்துடுமா?

டர்பன்ல இந்தக் கேள்விய கேக்காத குடும்பமே இல்ல, ஏன்னா வீட்டுக்கு ஒருத்தராவது சட்டை ஃபேக்டரி, பேன்ட் ஃபேக்டரின்னு வேல பாத்திருப்பாங்க. பாதி வரும், பாதி வராது. காது உங்களுக்கு ஏற்கனவே பழகியிருக்கு, மெஷின் சத்தம் மாறினாலே எங்கயோ நூல் சிக்கப்போவுதுன்னு தெரிஞ்சிடும், அது புதுசா வர்றவங்களுக்கு லேசுல வராத விஷயம். பாபின் கேஸ் (அடிநூல் உருளை இருக்கற சின்ன டப்பா) திருகு, எண்ணெய், ஊசி மாட்டறது, இதெல்லாம் சொல்லியே தர வேண்டாம். ஆனா கை? இத்தன வருஷமா துணிய ரெண்டு கையாலயும் ஊசிக்குள்ள தள்ளி பழகின கை, இப்ப மெஷின தள்ள சொன்னா அடம் புடிக்கும். காலுக்கு பெடல் இல்லன்னு வேற தவிக்கும், ஸ்டார்ட் பட்டன் கைப்பிடில இருக்கும். அத நெனச்சு பயப்படாதீங்க, மாறிடும்.

எவ்வளவு இடம் வேணும்?

ஃபிரேம் 5 அடிலருந்து 12 அடி வரைக்கும் வருது. ஃபிரேம் நீளத்த மட்டும் அளந்துட்டு வாங்கிடறாங்க, அதுக்குப்பறம் சுத்தி நடக்க இடமில்ல. முன்னாடி நின்னு கையால வரையவும், பின்னாடி நின்னு பேப்பர் பேட்டர்ன ஃபாலோ பண்ணவும் ரெண்டு பக்கமும் ஆள் நிக்கணும். நம்ம ஏரியா வீடுங்கள்ல அது கராஜ்தான், கார வெளிய போட்டா இடம் கிடைக்கும்.

கராஜ்னா ரெண்டு விஷயம். ஒன்னு, தரை சரிவா இருக்கும், தண்ணி வெளிய போகன்னு சரிவாத்தான் போட்டிருப்பாங்க. மட்டம் பாக்கற ஸ்பிரிட் லெவல ஃபிரேம் நீளத்துல மூணு எடத்துல, குறுக்குல ரெண்டு எடத்துல வெச்சு பாத்து கால திருகி சரி பண்ணுங்க. அப்புறம் மெஷின நடுவுல விட்டு கைய எடுங்க, தானா உருண்டு போச்சுன்னா இன்னும் மட்டம் வரல, நீங்க நேர்கோடு போட நெனக்கறப்பல்லாம் அது உங்கள ஒரு பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கும். ரெண்டாவது, கடல் காத்து. டர்பன் ஈரத்துக்கு தண்டவாளம், ஊசி, பாபின் கேஸ் எல்லாம் துருப்புடிக்கும். காஞ்ச துணியால தொடச்சு, மூடி வைங்க. சக்கரத்துல நூல் துண்டு, பஞ்சு சுத்தியிருந்தாலும் வண்டி ஒவ்வொரு சுத்துக்கும் குதிக்கும், அதையும் பாத்துக்கோங்க.

எந்த மெஷின் வாங்கலாம்?

மொதல்ல எதையும் வாங்காதீங்க. ஃபிரேம் வெச்சிருக்கற ஒருத்தர் வீட்ல, இல்ல வாடகைக்கு விடற கடைல ஒரு சின்ன குயில்ட் முழுசா ஏத்தி இறக்கி பாருங்க. சவுத் ஆஃப்ரிக்கன் குயில்டர்ஸ் கில்டுன்னு நாடு முழுக்க சங்கம் இருக்கு, ஊருக்கு ஊர் சின்ன குழுக்களும் இருக்கு, அங்க கேட்டா யார்கிட்ட இருக்குன்னு சொல்லுவாங்க.

வாங்கறப்ப பாக்க வேண்டியது ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவுல இருக்கற இடைவெளி. வீட்டு நேர்த்தையல் மெஷின்ல, ஜூக்கி, ஜனோம் மாதிரி, சுமார் 9 இன்ச் இருக்கும். பெரிய லாங்ஆர்ம்ல, அதாவது ஃபிரேமுக்குன்னே செஞ்ச நீளக்கை மெஷின்ல, 18 இன்ச்சுக்கு மேல. 9 இன்ச் மெஷின ஃபிரேம்ல ஏத்தினா 9 இன்ச்சும் தைக்க கிடைக்கும்னு நெனக்காதீங்க. தச்சு முடிச்ச குயில்ட் அந்த இடைவெளிக்குள்ளதான் உருளைல சுத்திக்கிட்டே வரும், சுத்த சுத்த தடிமன் கூடும், ஆரம்பத்துல 6 இன்ச் கிடைச்சது கடைசில 4க்கு வந்துடும். பெட் குயில்ட்ல பெரிய டிசைன் போட முடியாம போறது இதனாலதான். மெஷின் கடைல இத யாரும் வாய் தொறந்து சொல்றதில்ல.

அமெரிக்காலருந்து செகண்ட்ஹேண்ட் மெஷின் விலை கம்மியா வருது, வாங்கலாமா?

அங்க கரெண்ட் 120 வோல்ட், இங்க 230. நேரா சொருகினா பொகைதான். மெஷின் பின்னாடி தகட்டுல என்ன எழுதியிருக்குன்னு ஃபோட்டோ கேளுங்க, 120 மட்டும் போட்டிருந்தா ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வேணும், அதோட வாட்ஸ் மெஷின விட ஜாஸ்தியா இருக்கணும். கம்ப்யூட்டர், டேப்லெட் இருந்தா அதுக்கு தனியா பாக்கணும். ரிப்பேருக்கு இங்க ஆள் இருக்கான்னு விசாரிக்காம காசு அனுப்பாதீங்க.

ஸ்டிச் ரெகுலேட்டர் அவசியமா?

என்னக் கேட்டா ஆமா. சக்கரத்துல ஒரு சென்சார் இருக்கும், நீங்க எவ்வளவு வேகமா தள்றீங்களோ அதுக்கேத்த மாதிரி ஊசி குத்தும், அதனால தையல் ஒரே நீளத்துல வரும். இன்ச்சுக்கு 10 இல்ல 11 தையல்ல வெச்சு ஆரம்பிங்க. "அது இல்லாம கத்துக்கிட்டாதான் கை வரும்"னு சில பேரு சொல்லுவாங்க, அவங்க சொல்றதுலயும் கொஞ்சம் நியாயம் இருக்கு, ஆனா புதுசுல கவனிக்க பத்து விஷயம் இருக்கு, தையல் நீளத்தயாவது மெஷின் பாத்துக்கட்டுமே.

துணிய எப்படி ஏத்தறது? இதுலதான் எனக்கு குழப்பமே.

எல்லாருக்கும் இதுலதான். நிதானமா படிங்க.

அடித்துணி டாப்ப விட ஒவ்வொரு பக்கமும் 4 இன்ச் பெருசா இருக்கணும், அதாவது நீளத்துலயும் அகலத்துலயும் மொத்தம் 8 இன்ச். பேட்டிங்கும் கிட்டத்தட்ட அதே அளவு. இந்த ஓரம் வேஸ்ட்னு நெனக்காதீங்க, துணி ஓரத்த கவ்வி புடிக்கற க்ளாம்ப் மாட்டவும் டென்ஷன் தச்சு பாக்கவும் இந்த எடம்தான்.

அடித்துணி சதுரமா இருக்கான்னு பாருங்க. கடைல கிழிச்சு கொடுத்தது, இழுத்து மடிச்சது, எப்பவுமே கோணலாத்தான் இருக்கும். ரெண்டா மடிச்சு ஓரம் ஓரத்தோட சேருதான்னு பாத்து வெட்டுங்க. கோணலான துணிய உருளைல சுத்தினா ஒரு பக்கம் இறுகும், ஒரு பக்கம் தொங்கும், தொங்கற பக்கம்தான் பின்னாடி மடிப்பு விழுந்து அது மேலயே தையல் ஓடி, குயில்ட்ட இறக்கி திருப்பி பாக்கறப்பதான் தெரியும். பிரிக்கறதுக்கு ரெண்டு சாயங்காலம் போயிடும்.

உருளைல ஒரு கித்தான் துணி ஒட்டியிருக்கும், லீடர்னு சொல்லுவாங்க. அதுல நடுப்புள்ளி குறிச்சு வைங்க. அடித்துணிலயும் நடுவ குறிங்க. நடுவையும் நடுவையும் சேத்து குண்டூசி குத்தி, அங்கருந்து ரெண்டு ஓரத்துக்கும் போங்க. ஒரு ஓரத்துலருந்து ஆரம்பிச்சா கண்டிப்பா இழுத்துக்கிட்டு போகும். மேல் பக்கம் ஒரு உருளைல, கீழ் பக்கம் இன்னொரு உருளைல.

அது மேல பேட்டிங்க விரிச்சு, மேல் ஓரத்துல ஒரு நேர்கோடு தைங்க, மெஷின குறுக்கு தண்டவாளத்துல மட்டும் ஓடற மாதிரி பூட்டி வெச்சு தச்சா கோடு நேரா வரும். டாப்போட மேல் ஓரத்த அந்தக் கோட்டுக்கு நேரா வெச்சு தச்சுடுங்க. டாப்ப தனி உருளைல சுத்தணும்னு கட்டாயம் இல்ல, முன்னாடி தொங்க விட்டுடலாம். நான் அப்படித்தான் பண்றேன், எங்கயாவது டாப் சுருங்கி நின்னா கையால தடவி சரி பண்ண முடியுது.

அப்புறம் ரெண்டு பக்க ஓரமும் ஓட்டுத்தையல், பக்க க்ளாம்ப், அவ்வளவுதான். க்ளாம்ப் பட்டைக்கு மேல மெஷின் இடிக்குதான்னு ஊசிய தூக்கி வெச்சுட்டு ஒரு தடவ வெறும் ஓட்டம் ஓட்டி பாருங்க.

எவ்வளவு இறுக்கமா சுத்தணும்?

மேளத்தோல் மாதிரி இருக்கணும்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க, அத மறந்துடுங்க. அடியிலருந்து ஒரு விரல மேல குத்துங்க, மேலருந்து இன்னொரு கையால அந்த விரல் நுனிய துணியோட சேத்து புடிக்க முடியணும். அதுதான் அளவு. ரொம்ப இறுக்கினா ஊசி வளையும், தையல் விடும், இறக்கினதும் துணி சுருங்கி முழுக்க சுருக்கம் விழும்.

பின்னாடி தையல் கண்ணிமை மயிர் மாதிரி சின்ன சின்ன கோடா வருது. ஏன்?

வளைவுல மட்டும் வருதுன்னா மேல் நூல் லூஸ், அதோட நீங்க வளைவுல வேகம் எடுக்கறீங்க. இது எல்லாருக்கும் வரும்.

மொதல்ல மேல் நூல முழுசா எடுத்துட்டு திரும்ப கோத்து விடுங்க. பாதி நேரம் நூல் டென்ஷன் தட்டுக்குள்ள உக்காராம மேலயே மிதந்துக்கிட்டு இருக்கும். ரெண்டு கையால நூல புடிச்சு தட்டுக்கு நடுவுல முன்ன பின்ன இழுங்க, டப்புன்னு உள்ள போய் உக்காரும்.

அடுத்து பாபின். கேஸ உள்ளங்கைல வெச்சு நூல் நுனிய மேல இழுங்க. கேஸ் எழுந்து நிக்கணும், ஆனா கைய விட்டு கிளம்பக்கூடாது. கிளம்பிடுச்சுன்னா இறுக்கம், எழவே இல்லாம நூல் மட்டும் வழிஞ்சு வந்தா லூஸ். சின்னத் திருகு ஒன்னு இருக்கும், அத கடிகார முள்ளு 5 நிமிஷம் நகர்ற அளவுக்கு மட்டும் திருப்பி மறுபடி பாருங்க. திருப்பறப்ப கீழ ஒரு தட்டு வெச்சுக்கோங்க, அந்தத் திருகு கராஜ் தரைல விழுந்தா கிடைக்கவே கிடைக்காது.

பாபின் சரியானப்பறம் அத தொடாதீங்க, மேல் டென்ஷன மட்டும் கூட்டி கொறச்சு பாருங்க. அந்த 4 இன்ச் ஓரத்துல ஒரு வட்டம், ஒரு கூர் முனை, ஒரு நேர்கோடு, நாலு திசைலயும் தச்சு கீழ கைய விட்டு தடவுங்க. விரலுக்கு முடிச்சு முடிச்சா தட்டுப்பட்டா இன்னும் சரியில்ல. சின்ன கண்ணாடியோ, ஃபோன் கேமராவோ கீழ நீட்டி பாத்துக்கலாம். ஒவ்வொரு பாபின் மாத்தறப்பவும் இத பண்ணுங்க, சலிச்சுக்காதீங்க.

நூல் அறுந்துக்கிட்டே இருக்கு, அதுவும் ஒரே பக்கமா போறப்ப மட்டும்.

ஒரே திசைல மட்டும்னா ஊசி திரும்பியிருக்கு. வீட்டு மெஷின் ஊசில ஒரு பக்கம் தட்டையா இருக்கும், தப்பா மாட்டவே முடியாது. லாங்ஆர்ம் ஊசி தண்டு முழுக்க உருண்டை, எந்தக் கோணத்துலயும் உள்ள போயிடும். நீள பள்ளம் உங்களப் பாத்து முன்னாடி, வெட்டு மாதிரி இருக்கற குழிவு பின்னாடி. ஊசிக்கண்ணுல ஒரு குண்டூசிய சொருகி பாருங்க, அது நேரா உங்கள நோக்கி நிக்கணும்.

அதுக்கப்பறமும் அறுந்தா ஊசிய மாத்துங்க, 16 நம்பர்ல இருந்து 18க்கு போய் பாருங்க. நூல் நம்பர் கூட கூட நூல் மெல்லிசு, 40 தடிமன், 50 அத விட மெல்லிசு, ஆரம்பத்துக்கு நல்ல பாலியெஸ்டர் 40 கோன் ஒன்னு போதும். பாட்டி காலத்து பருத்தி நூல்கண்டு அலமாரில இருக்குன்னா அத கையால தைக்க வெச்சுக்கோங்க.

மொதல்ல என்ன டிசைன்? நம்ம கோலம் போடலாமா?

போடலாம், அழகா வரும், ஆனா மொத நாளே வேண்டாம்.

மொதல்ல ப்ளீச் பண்ணாத காலிகோ துணி ரெண்டு மீட்டர் வாங்கி, நடுவுல மலிவு பேட்டிங் வெச்சு ஏத்துங்க. உங்க பேர கூட்டெழுத்துல எழுதுங்க, தமிழ்லயே எழுதுங்க, நம்ம எழுத்துல வளைவுக்கு பஞ்சமா? கண்ணு ஊசியப் பாக்கக்கூடாது, அடுத்து போகப்போற எடத்த பாக்கணும், கார் ஓட்டறப்ப பானெட்ட பாத்தா ஓட்ட முடியாதுல்ல. அப்புறம் ஒன்ன ஒன்னு வெட்டாம சுத்திச் சுத்தி போற நெளிவு, அப்புறம் சுழி. தைக்கறதுக்கு முன்னாடி பேப்பர்ல பென்சில எடுக்காம வரைஞ்சு பழகினா பாதி வேல முடிஞ்சுது.

கோலத்துக்கு வருவோம். புள்ளி வெச்சு சுத்தி வளைச்சு போடற சிக்குக் கோலம்தான் இதுக்கு பொருத்தம், ஏன்னா பல சிக்குக் கோலம் ஒரே கோடா போய் ஆரம்பிச்ச எடத்துலயே வந்து சேரும், நூல நடுவுல அறுக்க வேண்டாம். ஆனா எல்லாக் கோலமும் ஒரே கோடு கிடையாது, சிலது ரெண்டு மூணு தனித்தனி வளையம், அதனால பேப்பர்ல விரல ஓட்டி பாத்துட்டு தேர்ந்தெடுங்க. புள்ளிய ஸ்கேல் வெச்சு சாக்பீஸ்ல குறிங்க, கண்ணளவு வேண்டாம், தரைல போடறப்ப நாம கோலத்த சுத்தி நகந்துக்கலாம், ஃபிரேம்ல அது முடியாது. இன்னொன்னு, கோலம் மொத்தமும் தைக்கற எடத்துக்குள்ள அடங்கணும். உங்களுக்கு 6 இன்ச் கிடைக்குதுன்னா 5 இன்ச் கோலம். பாதி போட்டுட்டு உருளைய சுத்தி மீதி போடறது புதுசுல ஒட்டவே ஒட்டாது.

ஷ்வேஷ்வே துணில பண்ணலாமா?

ஷ்வேஷ்வே இந்த நாட்டு அச்சுப் பருத்தித் துணியாச்சே, இங்க இருந்துக்கிட்டு அதுல பண்ணாம எப்படி! ஆனா புதுத் துணி கஞ்சி போட்டு அட்டை மாதிரி வெறப்பா இருக்கும், நீலம் சாயம் போகும், தண்ணில சுருங்கவும் செய்யும். வெட்டறதுக்கு முன்னாடியே நல்லா அலசிடுங்க, தண்ணி தெளியற வரைக்கும். வெள்ளத் துணி பக்கத்துல வெச்சு தைக்கறதா இருந்தா அலசின ஷ்வேஷ்வே மேல ஈர வெள்ளத்துணிய தேச்சு பாருங்க, நீலம் ஒட்டினா இன்னொரு அலசு. அகலம் வழக்கமா 90 சென்டிமீட்டர்தான், பேட்டர்ன் எல்லாம் 110 சென்டிமீட்டர் துணிக்கு கணக்கு போட்டிருக்கும், அதனால மீட்டர் கொஞ்சம் கூட்டி வாங்குங்க.

அம்மாவோட பழைய சேலைல குயில்ட் பண்ண ஆச. முடியுமா?

பருத்திச் சேலைன்னா கண்ண மூடிக்கிட்டு பண்ணுங்க. சுங்குடி மாதிரி மெல்லிசு துணி அடித்துணிக்கு ரொம்ப நல்லாருக்கும். கணக்கு பாருங்க: சேலை நீளம் ஐந்தரை மீட்டர், அகலம் சுமார் 1.15 மீட்டர். குறுக்க ரெண்டா வெட்டி நீள ஓரத்த ஓரத்தோட சேத்து தச்சா சுமார் 2.75க்கு 2.3 மீட்டர், டபுள் பெட் குயில்ட்டுக்கு போதும். அந்த ஒட்டுத்தையல் உருளைக்கு இணையா படுத்தவாக்குல வர்ற மாதிரி ஏத்துங்க, அதுக்கு 10 அடி ஃபிரேம் வேணும். நிமித்தி ஏத்தினா ஒவ்வொரு சுத்துக்கும் ஒட்டு ஒட்டு மேலயே ஏறி நடுவுல மேடு கட்டிடும். சேலையோட கரைய வெட்டிடுங்க, அது நெசவுலயே இறுக்கமா இருக்கும், துணிய இழுக்கும்.

பட்டு, நைலக்ஸ் எல்லாம் வழுக்கும். பின்னாடி மெல்லிசு இன்டர்ஃபேஸிங் அயர்ன் பண்ணி ஒட்டிட்டு துண்டு வெட்டுங்க. அயர்ன் சூடு கம்மியா, மேல ஒரு துணி போட்டு. ஜரிகைல ஊசி பட்டா நூல் அறுக்கும், ஊசி மழுங்கும், ஜரிகைய ஓரமா வெச்சு தையல் அது மேல போகாம பாத்துக்கோங்க. ரொம்ப நைஞ்ச சேலைய துவைக்கற போர்வைக்கு போடாதீங்க, சுவத்துல மாட்டறதுக்கு வைங்க.

என்ன பேட்டிங்?

டர்பனுக்கு பருத்தி, இல்ல 80க்கு 20 பருத்தி பாலியெஸ்டர், மெல்லிசா. ஜோபர்க், லேனேசியா பக்கம் அனுப்பறதுன்னா ஜூன், ஜூலை குளிருக்கு கம்பளி பேட்டிங் போடலாம், தையலும் எடுப்பா தெரியும். எவ்வளவு இடைவெளி விட்டு தைக்கலாம்னு பாக்கெட்ல போட்டிருக்கும், அத தாண்டாதீங்க.

தச்சுக்கிட்டு இருக்கறப்ப கரெண்ட் போனா?

2022, 2023ல லோட்ஷெட்டிங் அட்டவணைய பாத்துதான் நாம சமையலே பண்ணோம், அந்தப் பழக்கம் இதுக்கும் உதவும். போன உடனே ஸ்விட்ச ஆஃப் பண்ணி ப்ளக்க கழட்டிடுங்க, திரும்ப வர்றப்ப வர்ற திடீர் அழுத்தம்தான் எலக்ட்ரானிக் போர்ட காலி பண்ணும். ஊசி துணிக்குள்ள மாட்டியிருந்தா மெஷின தள்ளாதீங்க, கைச்சக்கரத்த சுத்தி ஊசிய மேல எடுத்துட்டு நகத்துங்க. திரும்ப ஆரம்பிக்கறப்ப விட்ட எடத்துக்கு கொஞ்சம் முன்னாடியே பாபின் நூல மேல இழுத்து, பழைய தையல் மேல நாலு குத்து குத்திட்டு போனா இணைப்பு தெரியாது. இன்வெர்ட்டர்ல ஓட்டறதுன்னா ப்யூர் சைன்வேவ் இன்வெர்ட்டரா இருக்கணும்.

கம்ப்யூட்டர் வெச்சு தைக்கறது ஏமாத்து வேலையா?

இல்ல. ஆனா அதுக்கும் நீங்கதான் நேரா ஏத்தணும்.

எண்ணெய் எப்ப விடறது?

எண்ணெய் கேக்கற மெஷினா இருந்தா ஒவ்வொரு பாபின் மாத்தறப்பவும் பாபின் கேஸ சுத்தி ஹூக் (கொக்கி) ஓடற எடத்துல பஞ்ச ப்ரஷ்ஷால தள்ளிட்டு ஒரு சொட்டு. ஒன்னுதான். தெளிவான தையல் மெஷின் எண்ணெய், சமையல் எண்ணெயோ துரு எடுக்கற ஸ்ப்ரேயோ கூடாது. விட்டப்பறம் ஓரத்துணில கொஞ்சம் தச்சுட்டு குயில்ட்டுக்கு வாங்க, இல்லன்னா வெள்ளத்துணில கறை உக்காரும்.

எப்ப மத்தவங்களுக்கு காசுக்கு தைக்கலாம்?

பின்பக்கத்த கூச்சமில்லாம திருப்பி காட்ட முடியறப்ப. கூலிய சதுர இன்ச் கணக்குல போடறதுதான் வழக்கம். 60க்கு 80 இன்ச் குயில்ட் 4,800 சதுர இன்ச், அப்ப சதுர இன்ச்சுக்கு ஒரு சென்ட் கூட்டினா மொத்தத்துல 48 ரேண்ட் ஏறுது, அத வெச்சு உங்க ரேட்ட யோசிங்க. ஏத்தற நேரத்தயும் நூலையும் சேத்து கணக்கு போடுங்க. சொந்தக்காரங்க "சும்மா ஒரு ஓட்டு ஓட்டி குடு மா"ன்னு காவடிக்கு முந்தின வாரம் கொண்டு வருவாங்க. அடித்துணிய சதுரமா வெட்டி, அயர்ன் பண்ணி, 4 இன்ச் ஓரம் விட்டு கொண்டு வந்தாதான் வாங்குவேன்னு சொல்லிடுங்க. பாதி பேரு திரும்ப வர மாட்டாங்க.